வண்டி நின்றாலும் தவணை நிற்காது

(கோவை ஆர்.எஸ்.புரத்தில் நடந்த குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் நம் கூட்டமைப்பின் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பழைய மொபெட்டை வீட்டிலேயே சரிசெய்து பராமரிப்பது பற்றிய பேச்சு இது. கூட்டத்துக்கு வர முடியாத சகோதரிகளுக்காக, குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நான் மெக்கானிக் படிப்பு படிச்சவ இல்லீங்க. உங்களை மாதிரி குழுவுல சேமிச்சு, கடன் வாங்கி, வண்டி ஓட்டிப் பொழைக்கறவதான். எங்க வீட்டுல நிக்கறது பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர். அதை ஓட்டி, கழட்டி, மாட்டி, தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

இந்த ஆர்.எஸ்.புரத்துக்கு உழவர் சந்தை நடக்கற காலை நேரத்துல வந்து பாருங்க. தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்தும், பேரூர்ப் பக்கமிருந்தும் காய் மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற வண்டியில எத்தனை எக்ஸ்எல்லுன்னு எண்ணிப் பாருங்க. பால் கேனும் அதுலதான், தீவனமும் அதுலதான், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதும் அதுலதான். டிவிஎஸ் 50 மொபெட் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் வந்தது. ரெண்டு பேர் உட்கார்ந்து போற மொபெட்டு நம்ம நாட்டுல அதுதான் முதல்ல. அதுக்கப்புறம் எக்ஸ்எல், எக்ஸ்எல் சூப்பர்னு வரிசையா வந்துச்சு. கொங்கு நாட்டுத் தோட்டத்துல மாடு இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், ஒரு மொபெட்டு இல்லாத வீடு கம்மிதானுங்க.

அந்த வண்டி நின்னு போனா என்ன ஆகுது? முதல்ல ஒரு கணக்குப் போடுவோம். நாம குழுக்காரங்க, கணக்குல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஒரு கணக்குக்கு இப்படி வெச்சுக்குவோம். ஒரு அக்கா குழுவுல உள்கடன் 20,000 ரூபாய் வாங்கிப் பழைய வண்டி ஒண்ணு வாங்கறாங்க. மாசம் 1,000 ரூபாய் அசலும், அதுக்கு வட்டியும் கட்டறாங்க. காய் கொண்டு போய் வித்தா செலவு போக நாளைக்கு 300 ரூபாய் கையில நிக்குது. வண்டி கோளாறாகி நாலு நாள் கடையில கிடந்தா 1,200 ரூபாய் போச்சு. ஒரு மாசத் தவணையோட அசலை விட அது அதிகம். கடைசியில கோளாறு என்னன்னு பார்த்தா, பிளக்குல கரி பிடிச்சிருக்கும். பத்து நிமிச வேலை. அந்தப் பத்து நிமிச வேலை தெரியாததால ஒரு தவணை தவறுது. வண்டி நின்னாலும் தவணை நிக்காதுங்க. இதைத்தான் நான் இன்னைக்குச் சொல்ல வந்தேன்.

ஓட்டக் கத்துக்கிட்டது பாதி, மீதி என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்துல 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். படிப்பு சொல்லிக் கொடுக்கற இயக்கத்துக்குள்ள சைக்கிளையும் ஒரு பாடமா வெச்சாங்க. பஸ்ஸுக்காகக் காத்து நின்ன பொம்பளைங்க தானா போய்த் தானா வர ஆரம்பிச்சாங்க. முதல்ல கேலி பண்ணின ஊரு அப்புறம் பழகிருச்சு.

இப்போ நாம மொபெட்டு ஓட்டறோம். யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. ஆனா வழியில நின்னு போச்சுன்னா? தள்ளிக்கிட்டு வர்றோம். இல்லாட்டி வீட்டுக்காரருக்கோ மகனுக்கோ போன் பண்றோம். ஓட்டறது நாமதான், ஆனா வண்டியோட சாவி பாதி இன்னொருத்தர் கையில இருக்கு. ஓட்டக் கத்துக்கிட்டது பாதிதானுங்க. வண்டிக்கு என்ன நோவுன்னு கண்டுபிடிக்கக் கத்துக்கறது மீதிப் பாதி.

இது நமக்கு வருமான்னு யோசிக்க வேண்டாம். நம்ம கோயமுத்தூர் ஜி.டி.நாயுடுவையே எடுத்துக்குங்க. சூலூர்ப் பக்கத்துல இருக்கற கலங்கல்ல 1893-ல் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோட படிப்பை விட்டவர். அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள்ல ஊருக்கு வந்ததைப் பார்த்து ஆசைப்பட்டாரு. கோவையில ஒரு ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினாரு. வாங்கி ஊரைச் சுத்தறதோட நிறுத்தலை. அக்கு அக்காக் கழட்டிப் பார்த்து மறுபடியும் பூட்டினாரு. அவரோட எஞ்சின் படிப்பு அப்படித்தான் ஆரம்பிச்சுது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில ஒரு பஸ் ஓட்ட ஆரம்பிச்சு, பிறகு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினாரு. 1937-ல் மின் மோட்டார் தயாரிச்சதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. கிணத்து மோட்டாருக்குப் பேர் போன ஊருங்க இது. அந்த ஊர்ப் பொம்பளைங்க நாம ஒரு பிளக்கைக் கழட்டப் பயப்படலாமா?

முதலில் பேப்பர், பிறகு ஸ்பேனர்

நிறைய வீட்டுல மாட்டுச் சாளையில ஒரு பழைய வண்டி சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். அதை ஓட வெச்சா நல்லா இருக்குமேன்னு தோணும். நல்ல யோசனைதான். ஆனா ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கை எடுங்க. நாலு விஷயம் பாருங்க.

1. வண்டி யார் பேரில் இருக்கிறது? விலைக்கு வாங்கிய வண்டி என்றால் 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 வேண்டும். வண்டிக்காரர் இறந்திருந்தால் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். காலம் தாண்டியிருந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். போய்க் கேளுங்கள்.

2. பதிவுக் காலம் முடிந்துவிட்டதா? சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இரு சக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் என்றும் மத்திய விதியில் இருக்கிறது. பசுமை வரி தனி.

3. இன்சூரன்ஸ் இருக்கிறதா? மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை ரோட்டில் ஏற்றவே கூடாது. நாம யார் மேலயாவது இடிச்சுட்டா நஷ்ட ஈடு நம்ம தலையில வரும். காட்டை வித்தாலும் பத்தாது.

4. ஆர்.சி.யில் கடன் கம்பெனி பேர் இருக்கிறதா? கடனைக் கட்டி முடித்திருந்தாலும் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து, அந்தப் பேரை நீக்க வேண்டும். நீக்காத வண்டியை விற்கவும் முடியாது, பேர் மாற்றவும் முடியாது.

எதுக்கு இதை முதல்ல சொல்றேன்னா, மூணு வருசம் பதிவு விட்டுப் போன வண்டிக்குத் தாமதக் கட்டணம் மட்டும் 36 மாசத்துக்கு 10,800 ரூபாய் வருது. அந்த வண்டியே அவ்வளவு பெறுமா? அதனால எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி அலுவலகத்துல மொத்தம் எவ்வளவு ஆகும்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது.

இன்னொரு விஷயமும் மனசுல வைங்க. தினம் ஓட்டறது நாம, கடன் கட்டறது நாம, ஆனா ஆர்.சி. மட்டும் வேற பேருல இருக்கும். நம்ம காசுல வாங்கற வண்டி நம்ம பேருல இருக்கட்டும். வீட்டுல சண்டை போடச் சொல்லலை. பேர் மாத்தறப்போ, "குழுக் கடன் என் பேருலதானே இருக்கு, வண்டியும் அப்படியே இருக்கட்டும்"னு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

லைசென்ஸும் அப்படித்தான். 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டியைத்தான் 16 வயசுல ஓட்டலாம். எக்ஸ்எல் சூப்பர் 70 சி.சி. வண்டி. அதுக்கு 18 வயசு ஆகணும். பத்தாவது படிக்கற பையன்கிட்டச் சாவியைக் குடுத்துத் தீவனம் வாங்கிட்டு வான்னு அனுப்பாதீங்க.

நம்ம வண்டி எந்த வகை?

அடுத்தது எஞ்சின். இங்கதான் நிறையப் பேருக்குக் குழப்பம்.

பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் எல்லாம் ரெண்டு ஸ்ட்ரோக். இதில் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் இடத்துக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் எஞ்சின் ஜாம்னு சொல்றாங்க. அது பெரிய செலவு.

2015-ல் வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக். இதில் எஞ்சின் ஆயில் தனியாக அடியில் இருக்கும். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஆயில் அளவைப் பார்த்து, புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வந்த வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. அதில் நாம் கை வைக்க வேண்டாம். பிளக், செயின், பிரேக், டயர் பார்ப்பதெல்லாம் எல்லா வண்டிக்கும் பொதுதான்.

ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் அளவு பொதுவா லிட்டருக்கு 20 மில்லி. ரெண்டு லிட்டர் போட்டா 40 மில்லி. உங்க வண்டிப் புத்தகத்துல வேற அளவு இருந்தா அதையே வைங்க. "ஒரு கை ஊத்துங்க"ன்னு பங்க்குல சொல்லிட்டு விட்டுராதீங்க. 10 மில்லி கோடு போட்ட சின்ன மூடி ஒண்ணை வண்டிப் பையிலயே வெச்சு அளந்து ஊத்துங்க. அந்த மூடியை மறுபடி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க, குழந்தைங்க மருந்தோட கலந்துறும். ஆயில் குறைஞ்சா எஞ்சின் ஜாம் ஆகும். கூடுனா புகை கக்கும், பிளக்குல கரி பிடிக்கும், சைலன்சர் அடைச்சுக்கும். உப்பு மாதிரிதானுங்க, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஆறு வேலைகள்

எந்த வேலைக்கும் முன்னால் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். எஞ்சின் ஆறட்டும். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, பீடி பிடிப்பவரோ இருக்கக் கூடாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வேலை வெட்ட வெளியில் நடக்கட்டும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

முதலாவது, பிளக். பிளக் கேப்பை நேராக இழுத்துக் கழற்றி, சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, பிளக் ஸ்பேனரால் கழற்றுங்கள். முனையைப் பாருங்கள். காபிப்பொடி நிறமாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் மிகவும் சூடாகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரியை பிரஷ்ஷால் துடைத்து, கையால் திருகி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். முதலிலேயே ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். ஒரு புது பிளக் எப்போதும் வண்டிப் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஏர் ஃபில்டர். நம்ம ஊரு செம்மண் புழுதியில ஓடற வண்டிக்கு இதுதான் மூக்கு. மூக்கடைச்சா இழுவை குறையும், பெட்ரோல் குடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டர் என்றால் தட்டிச் சுத்தம் செய்யலாம், கழுவக் கூடாது. ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

மூன்றாவது, பெட்ரோல் வழி. ராத்திரி நிறுத்தும்போது டேப்பை மூடுங்கள். பெட்ரோல் ட்யூப்பில் வெடிப்பு, கசிவு, வாசனை இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் ட்யூப்பும் வாஷரும் சீக்கிரம் கெட்டுப்போகலாம். ஆகவே பழைய வண்டிக்கு நல்ல ட்யூப் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

நான்காவது, செயின். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் செயினைத் தொட வேண்டும். பழந்துணியால் புழுதியைத் துடைத்து ஆயில் விடுங்கள். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். பொதுவாக முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும், மிக இறுக்கமாக இருந்தால் அறுந்து போகும்.

ஐந்தாவது, பிரேக். பின் பிரேக் லீவரைப் பிடித்தால் கொஞ்ச தூரத்திலேயே பிடிக்க வேண்டும். கைப்பிடி வரை ஒட்டிப் போனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டைத் திருகி அளவு பண்ணலாம். பண்ணிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசாமல் சுற்ற வேண்டும். நட்டை முழுக்கத் திருகியும் பிடிக்கவில்லை என்றால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. அது மெக்கானிக் வேலை. கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள்.

ஆறாவது, டயர். காற்று குறைவாக வைத்து மூட்டை ஏற்றினால் டயரின் ஓரம் வெடிக்கும். வாரம் ஒரு முறை காற்றைப் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால், 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும், நாள்பட்ட ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்ப வேண்டாம்.

சைலன்சர் கரி எடுப்பது, காயில், மேக்னெட், கிளட்ச், பிஸ்டன் இதெல்லாம் மெக்கானிக் வேலை. எது நம்ம வேலை, எது அவர் வேலைன்னு தெரிஞ்சு வெச்சுக்கறதும் ஒரு படிப்புதானுங்க. நாம போய், "வண்டி ஓடலைங்க"ன்னு மட்டும் சொன்னா அவர் எல்லாத்தையும் கழட்டணும். "பிளக் மாத்திப் பார்த்துட்டேன், பெட்ரோல் வருது, ஃபில்டர் சுத்தமா இருக்கு, ஆனா மேட்டுல இழுக்கலை"ன்னு சொன்னா அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் காசு மிச்சம். மாத்தின பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டியை எழுப்பறது எப்படி?

ரெண்டு மூணு வருசமா நின்ன வண்டியைப் போன உடனே கிக்கரை மிதிக்காதீங்க. வரிசையா செய்யணும்.

முதலில் கழுவித் துடைத்து, எலி கூடு கட்டியிருக்கிறதா, வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்ரோலை முழுவதும் வெளியே எடுங்கள். டேங்குக்குள் துரு இருந்தால் சுத்தம் செய்யாமல் புதுப் பெட்ரோல் ஊற்றாதீர்கள், துரு போய் கார்புரேட்டரை அடைக்கும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் சில சொட்டு ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிளக் இல்லாமலேயே கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் நல்லது. நகரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் ட்யூப், கேபிள்கள், டயர், பிரேக் இத்தனையும் பார்த்த பிறகுதான் புது பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். கார்புரேட்டரை ஒரு முறை கடையில் கொடுத்துச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

ஓடிச்சுன்னு சந்தோசத்துல உடனே மூட்டை ஏத்தாதீங்க. நாலு நாள் ஊருக்குள்ள காலி வண்டியா ஓட்டி, பிரேக் பிடிக்குதா, எங்கயாவது கசியுதான்னு பாருங்க.

பெயிண்டும் ஸ்டிக்கரும் கடைசிங்க. பழைய வண்டி விக்கறவங்க முதல்ல பண்றதே பெயிண்டுதான். பளபளப்பைப் பார்த்து ஏமாறாம பிரேக்கையும் ஆர்.சி.யையும் பாருங்க.

புடவைக்கு ஒரு கம்பி

இது வண்டிப் பராமரிப்பில் சேராதுன்னு நினைக்காதீங்க. பின்னாடி சக்கரத்துல பாதியாவது மூடற மாதிரி தடுப்பு இருக்கணும்னு 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கு. அதைத்தான் சாரி கார்டுன்னு சொல்றோம். மூட்டை கட்ட இடைஞ்சல்னு அதைக் கழட்டிப் போட்டுடறாங்க. செயின் கவர் உடைஞ்சாலும் அப்படியே ஓட்டறாங்க. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்துல சிக்கினா நொடியில கீழ தள்ளிரும், கழுத்தையும் இறுக்கும். பழைய வண்டியை எழுப்பற செலவுல சாரி கார்டும் செயின் கவரும் முதல் வரியா இருக்கணும். ஹெல்மெட்டு ரெண்டாவது வரி. ஓட்டறவங்களுக்கும் பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

குழு என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீட்டுலயும் எல்லா ஸ்பேனரும் வாங்க முடியாது. ஒரு குழுவுக்கு ஒரு கருவிப் பெட்டி போதும். ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், காற்றடிக்கும் பம்பு, ஆயில் கேன், பழைய பல் பிரஷ், கொஞ்சம் துணி. குழுப் பணத்துல தீர்மானம் போட்டு வாங்குங்க. இருப்புப் பதிவேட்டுல ஏத்துங்க. யார் எடுத்தாங்க, எப்போ திருப்பிக் குடுத்தாங்கன்னு கையெழுத்து வாங்குங்க.

மாசத்துல ஒரு கூட்டம் முடிஞ்ச பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்க. இந்த மாசம் பிளக், அடுத்த மாசம் ஃபில்டர், அதுக்கடுத்த மாசம் செயின். ஒருத்தர் செஞ்சு காட்டட்டும், பத்துப் பேரும் கையால கழட்டிப் பூட்டட்டும். பார்த்தா வராது, தொட்டாத்தான் வரும்.

வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு செலவு. நாலே கட்டம். ஒரு வருசம் எழுதினா வண்டி நமக்குச் சம்பாதிச்சுக் குடுக்குதா, நாம வண்டிக்குச் சம்பாதிச்சுப் போடறோமான்னு தெரிஞ்சுரும். பழைய வண்டிக்குக் குழுவுல கடன் கேட்டு வந்தாலும் வண்டி விலையோட பேர் மாத்தற செலவு, இன்சூரன்ஸ், டயர், பிரேக் எல்லாத்தையும் கூட்டி மொத்தம் எவ்வளவுன்னு கேளுங்க. விலைக்கு மட்டும் கடன் குடுத்தா, மீதிக்கு அவங்க வெளியில கந்து வட்டிக்குப் போவாங்க.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஏனுங்க்கா, கிக்கரை மிதிச்சு மிதிச்சு கால் ஓய்ஞ்சு போகுது. ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல எதைப் பார்க்கறது?

பதில்: முதல்ல பெட்ரோல் இருக்கா, டேப் திறந்திருக்கான்னு பாரு கண்ணு. அடுத்து சுவிட்ச். அடுத்து பிளக். பிளக் முனை நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, தீப்பொறிதான் வரலைன்னு நினைச்சுக்கலாம். காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வர்ற வழியில அடைப்பு. புது பிளக் போட்டும் வரலைன்னா கடைக்குப் போ.

கேள்வி: எங்க மாமனார் காலமாகி ரெண்டு வருசமாச்சு. வண்டி அவர் பேருலதான் இருக்கு. நான்தான் ஓட்டறேன். பரவாயில்லீங்களா?

பதில்: பரவாயில்லைன்னு விடக் கூடாதும்மா. ஒரு விபத்து ஆனா இன்சூரன்ஸ் கேட்கறப்போ சிக்கல் வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க சம்மதம் எல்லாம் எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போ. தனியாப் போகத் தயக்கமா இருந்தா உங்க குழு ஊக்குநரைக் கூட்டிக்கிட்டுப் போ.

கேள்வி: வண்டியை எழுப்பறதா, பழைய இரும்புக்குப் போடறதான்னு எப்படி முடிவு பண்றது?

பதில்: பேப்பர் செலவு, மெக்கானிக் செலவு, டயர் செலவு மூணையும் கூட்டுங்க. அதே மாதிரி ஓடற வண்டி ஒண்ணு பேப்பரோட என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு ரெண்டு இடத்துல விசாரிங்க. எழுப்பற செலவு அதுல பாதிக்கு மேல போனா யோசிங்க. இரும்புக்குப் போட்டாலும் ஆர்.சி.யை ரத்து பண்ணாமப் போடாதீங்க. வேற யாராவது அந்த நம்பர்ல தப்புக் காரியம் பண்ணினா உங்க வீட்டுக்குத்தான் ஆள் வரும்.

கேள்வி: கையெல்லாம் கரியா, ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி கழட்டினா ஊர் என்னக்கா பேசும்?

பதில்: ரெண்டு நாள் பேசுமுங்க. மூணாவது நாள், "எங்க வண்டியையும் கொஞ்சம் பார்த்துக் குடுங்க"ன்னு அவங்களே தள்ளிக்கிட்டு வருவாங்க. அப்போ கூலி சொல்ல மறந்துறாதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வர்றப்போ ஒவ்வொருத்தரும் வண்டியோட ஆர்.சி. புக்கை எடுத்துட்டு வாங்க. யார் பேரு, எந்தத் தேதி வரைக்கும்னு எல்லாரும் படிச்சுப் பார்க்கலாம். வேலை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.